கள்ளக்குறிச்சியில் பி.ஏ. ஆங்கிலம்: பட்டம் எங்கே கொண்டு சேர்க்கிறது?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது சரிதானா என்று மாநிலம் முழுக்கப் பேசித் தீர்த்தார்கள். அதே நாட்களில் வந்த இன்னொரு அறிவிப்பு அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது: பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு வரையான கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்பது அது. ரொக்கப் பணத்தைவிட நீண்ட நாள் நிற்கக்கூடிய உதவி இதுதான். அன்று எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2029-இல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும். செலவுக்கு வழி இருக்கிறது. எதைப் படிப்பது, படித்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு இப்போதே விடை தேடியாக வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்துக் கூலி வீட்டுப் பிள்ளைக்கும் இதே கேள்விதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கலை அறிவியல் கல்லூரி. அங்கே பலரும் ஆசையோடு கேட்கும் பாடங்களில் ஒன்று பி.ஏ. ஆங்கிலம்.

அந்த ஆசையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் பெரிய தொழில் என்று சொல்ல சர்க்கரை ஆலைகளும் அரிசி ஆலைகளும்தான் இருக்கின்றன. 2021-இல் சட்டத் திருத்தம் வந்து, இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கில் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இப்படிப் புதிதாகக் கல்லூரி வாசலுக்கு வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ‘இங்கிலீஷ் படிச்சா எங்க போனாலும் பொழைச்சுக்கலாம்’ என்ற நம்பிக்கை இருக்கிறது. நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் இன்று அந்தப் பாடம் நடத்தப்படும் முறையில் அந்த நம்பிக்கை நிறைவேறுவது கடினம். ஆங்கிலப் பட்டம் இந்த மண்ணில் பிழைப்பைத் தருவது, படித்தவர் தமிழையும் அதே அளவுக்குக் கைவசம் வைத்திருக்கும்போதுதான். வேலைகளின் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது தெரியவரும். பாடத்திட்டமோ தமிழை இரண்டாம் ஆண்டோடு வழியனுப்பிவிடுகிறது.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1835-இல் மெக்காலே ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திக் குறிப்பு எழுதினார். 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆக, ஆங்கிலப் படிப்பு இங்கே முளைத்ததே உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையைப் பார்த்தால், அந்தப் படிப்பு எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பது விளங்கும். வட்டுக்கோட்டைக் குருமடத்தில் ஆங்கிலக் கல்வி பெற்றவர் அவர். தினவர்த்தமானி இதழின் ஆசிரியராக இருந்தார், அரசுப் பணி பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியானார். இதற்கிடையில் ஏடு தேடி அலைந்து தொல்காப்பிய உரைகளையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவருக்குப் பிறகு வந்தவர்களிடமும் இந்தக் கோடு அறுபடவில்லை. ஏ.கே. ராமானுஜன் மதுரை தியாகராசர் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தவர். 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொடுத்து உலகத்தையே சங்க இலக்கியத்தின் பக்கம் திருப்பினார். திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமிதான் தமிழில் எழுத்தாளர் நகுலன். இவர்கள் மேதைகள், எல்லோருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது என்பது சரி. ஆனால் இவர்களுக்குப் பெயரும் பிழைப்பும் தந்தது இரு மொழிகளுக்கும் நடுவே அவர்கள் செய்த வேலை என்பதைச் சாதாரணப் பட்டதாரியும் கவனிக்கலாம்.

இனி வகுப்பறைக்கு வருவோம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவி முதல் ஆண்டிலேயே பிரிட்டிஷ் இலக்கியத்தைச் சந்திக்கிறாள். பேராசிரியர் நாடகத்தின் கதையைத் தமிழில் சொல்கிறார்; சொல்லாவிட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியாது, அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூலப் புத்தகம் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும். தேர்வுக்கு நகல் கடையில் விற்கும் நோட்ஸ். கட்டுரைக் கேள்விக்கு மூன்று பக்க ஆங்கிலம் மனப்பாடம். மாணவி கேட்டது தமிழில், எழுதியது வேறு யாரோ எழுதிய ஆங்கிலத்தில். கேட்டதைத் தன் சொந்த ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் இடைவேலை ஒன்று இருக்கிறதே, மொழி வளருவது அங்கேதான், அதை யாரும் அவளிடம் கேட்பதே இல்லை. மூன்று ஆண்டு முடிவில் எழுபது சதவீத மதிப்பெண்ணோடு வெளியே வருபவர், வங்கிக்கு ஒரு புகார்க் கடிதத்தைத் துணையில்லாமல் எழுதத் தடுமாறுகிறார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. மூன்று ஆண்டு உழைத்த பிள்ளையை உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லாமல் அனுப்பியிருக்கிறோம்.

பட்டதாரிகளில் பெரும்பகுதியினர் குறிவைப்பது ஆசிரியர் வேலையை. பி.ஏ. மூன்று ஆண்டு, பி.எட். இரண்டு ஆண்டு, பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளின் அமைப்பைக் கவனியுங்கள்: மொத்தம் 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 மதிப்பெண் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். ஆங்கில ஆசிரியராகப் போகிறவரும் இந்த 60-க்கு இவற்றில் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சம எடை. அடுத்த படி முதுகலை ஆசிரியர். எம்.ஏ., பி.எட். முடித்தவர்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் இத்தேர்வில் 150-இல் 110 மதிப்பெண் ஆங்கில இலக்கியத்துக்கே. இலக்கியம் படித்தது நேரடியாகக் கைகொடுக்கும் அரிய இடம் இது. ஆனால் தமிழ்த் தகுதித் தாள் தனியாக உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் ஆங்கிலத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 2025-இல் அறிவிக்கப்பட்ட 1,996 இடங்களில் ஆங்கிலத்துக்கு 197. மாநிலம் முழுமைக்கும் இவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் வெளியேறும் ஆங்கிலப் பட்டதாரிகளை வைத்துப் பார்த்தால், அரசுப் பள்ளி வேலையை மட்டும் நம்பி ஏழு ஆண்டுப் படிப்பைத் தொடங்குவது ஆபத்தான கணக்கு. மிச்சமுள்ளவர்களைத் தனியார் மெட்ரிக் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. அங்கே சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். இருந்தாலும் நன்றாகப் பேசும், எழுதும் ஆசிரியருக்குக் கிராக்கி என்றும் குறைந்ததில்லை.

கல்லூரி ஆசிரியர் வேலை இன்னும் குறுகிய வாசல். நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வு தள்ளிப்போய், இடங்கள் குறைந்து, 2025 அக்டோபரில் மறுபடியும் அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அரசுக் கல்லூரிகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், ஆண்டில் பதினோரு மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000. முனைவர் பட்டம் பெற்று நாற்பது வயதைத் தொட்டவர்கள் பாதிச் சம்பளத்தில் கற்பிக்கும் துறையில் மாணவருக்கு என்ன உற்சாகம் பிறக்கும்? பாடத்திட்டத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்த அநீதியைச் சரிசெய்யாமல் வகுப்பறை மாறாது.

போட்டித் தேர்வுகளுக்குப் போகிறவர்களிடம் ஒரு விஷயத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, பதவிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை எல்லாப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழில் படித்த கல்வராயன் மலைப் பிள்ளை, பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்த அன்றே, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 பதவிகளில் இந்த முன்னுரிமையை இழக்கிறது. வரலாறோ பொருளாதாரமோ தமிழ்வழியில் எடுத்திருந்தால் அது கையில் நின்றிருக்கும். சேர்க்கை நாளில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. அதே சமயம் இன்னொரு பக்கமும் உண்டு. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமானது. குரூப் 4-இல் கேள்விகளில் பாதி தமிழ். குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளின் தமிழ்த் தாளில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். இரு மொழியையும் கையாளப் பழகிய ஆங்கில மாணவருக்கு இது சாதகமான களம். பழகாதவருக்கு இரட்டை நஷ்டம்.

தனியார் துறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையிலும் கோவையிலும் அழைப்பு மையங்கள், வாடிக்கையாளர் சேவை, இணைய நிறுவனங்களுக்கு உள்ளடக்கம் எழுதுவது ஆகியவை இருபது ஆண்டுகளாக ஆங்கிலப் பட்டதாரிகளை வாங்கின. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்ட தலைப்பில் ஐந்நூறு சொல் எழுதிக் கொடுக்கும் வேலை வேகமாகக் கரைகிறது. அதை நம்பி இன்று ஒருவரை இந்தப் பாடத்தில் சேர்ப்பது நேர்மையாகாது.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது சட்டத்துறையை. கருணாபுரம் வழக்கையே எடுத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் புகாரும் வாக்குமூலமும் தமிழில். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் நடக்கிறது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு அப்படி. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்றுவரை நடக்கவில்லை. 2024 நவம்பர் 20 அன்று வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய உத்தரவு, கணவனையோ தகப்பனையோ இழந்த குடும்பங்கள் தாமாகப் படிக்க முடியாத மொழியில்தான் வந்தது. அதே ஆண்டு கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவம், பள்ளி வசதிகள் குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கிலும் அதே நிலை. தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லப்பட்டதை அறிய இந்த மக்கள் தொலைக்காட்சிச் செய்தியை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில் வேலை இருக்கிறது, கௌரவமும் இருக்கிறது. பி.ஏ. முடித்தவர் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம், 2017-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலேயே இருக்கிறது. தமிழில் வந்த வாக்குமூலத்தின் தொனி கெடாமல் ஆங்கில மனுவில் எழுதத் தெரிந்த இளம் வழக்கறிஞருக்கு மூத்தவர்கள் அலுவலகத்தில் எப்போதும் இடம் உண்டு. வழக்கறிஞர் ஆகாதவர்களுக்கும் வழி இருக்கிறது: நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு அலுவலகங்களில் ஆவணம் பெயர்ப்பவர், தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதுபவர் என்று. ‘அடிச்சாங்க’ என்று சாட்சி சொன்னதை யார், யாரை, எதனால் என்று கேட்டுத் தெளிந்து எழுதுவதற்கும், ‘தாக்கினார்கள்’ என்ற பொருளில் பொத்தாம்பொதுவாக ஆங்கிலத்தில் தள்ளிவிடுவதற்கும் நடுவே ஒரு மனிதனின் தண்டனைக் காலமே மாறிப்போகலாம்.

இலக்கிய மொழிபெயர்ப்பும் வளர்ந்துவருகிறது. பெருமாள்முருகனின் பூக்குழி நாவல், அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. அதே ஆண்டு சென்னையில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் தமிழ்நாட்டு அரசு மொழிபெயர்ப்புக்கு நிதி நல்கையை அறிவித்தது. இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆசிரியராகவோ பத்திரிகையாளராகவோ இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலை இது.

இயந்திரமே மொழிபெயர்க்கும் காலத்தில் இரு மொழித் திறனுக்கு விலை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமே 2019 முதல் சுவாஸ் என்ற மென்பொருளால் தீர்ப்புகளை மொழிபெயர்த்துவருகிறது. ஆனால் அதன் பெயர்ப்பை மனிதர்கள் பார்த்துத் திருத்திய பிறகே வெளியிடுகிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, செயற்கை நுண்ணறிவு செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்கிறது. முதல் வரைவை இயந்திரம் போடும். அதில் பிழை எங்கே என்று காட்டி, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு மொழி தெரிந்தால் போதாது. ஆக, இயந்திரத்தின் வரவால் அடிபடுவது நோட்ஸ் மனப்பாடம் செய்த பட்டதாரிதான். இன்றைய வகுப்பறை உருவாக்கிக்கொண்டிருப்பதும் அவரைத்தான் என்பது கவலைக்குரியது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆங்கிலம் விடுதலையின் கருவி, அவர்களிடம் போய்த் தமிழையும் தூக்கிச் சும என்பது மேட்டுக்குடிப் புத்தி என்பது அது. பெரியார் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகவே பழகச் சொன்னவர். 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்துக்குக் கோயிலே எழுப்பத் தொடங்கினார். அந்த வேகத்தின் பின்னால் இருக்கும் காயத்தை நான் மதிக்கிறேன். சாதி மணக்காத ஒரு மொழிக்குள் நுழைவதில் உள்ள நிம்மதியை வெளியில் இருந்து யாரும் அளந்துவிட முடியாது. ஆனால் ஆங்கிலம் மட்டும் போதும் என்ற ஏற்பாட்டில் நகரத்து ஆங்கிலவழிப் பிள்ளையோடு கருணாபுரத்துப் பிள்ளை போட்டியிட நேர்கிறது. அந்தப் பந்தயத்தில் கோடு முன்கூட்டியே சாய்வாகப் போடப்பட்டிருக்கிறது. இரண்டு மொழியும் வேண்டும் என்ற ஏற்பாட்டில் அந்த நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று இவளிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஊர்ப் பேச்சும், பள்ளியில் எழுதிப் பழகிய தமிழும். 1968-இல் அண்ணா காலத்தில் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கை தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகத்தான் வைத்தது. கல்லூரி மட்டும் ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

செவிலியர் படிப்போ தொழிற்பயிற்சியோ விரைவில் சம்பளம் தரும், இலக்கியம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும் பதில் வேண்டும். கைக்கு உடனே வருமானம் தேவைப்படும் வீட்டில் செவிலியர் இடம் கிடைத்தால் அதை விட்டுவிட்டு இங்கே வரச் சொல்ல மாட்டேன். பேச்சு ஆங்கிலம் மட்டும் தேவை என்பவருக்கும் ஆறு மாத வகுப்பு போதும். கதையும் நாடகமும் கவிதையும் படித்து வளரும் மொழி வேறு வகையானது: ஒருவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுகொள்வது, ஒரே சம்பவத்தை இரண்டு பேர் எப்படி வேறுவிதமாகச் சொல்கிறார்கள் என்று எடைபோடுவது, நீண்ட எழுத்தைப் பொறுமையாக வாசித்துச் சாரம் எடுப்பது. வழக்கறிஞர், பத்திரிகையாளர், ஆசிரியர், நிர்வாகி ஆகிய அத்தனை பேருக்கும் அன்றாடம் வேண்டிய திறமைகள் இவை. மனப்பாடத்தால் இவை வராது.

எனவே பல்கலைக்கழகப் பாடக்குழு செய்யக்கூடியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. முதல் நான்கு பருவங்களோடு முடியும் தமிழை ஆறு பருவத்துக்கும் நீட்டி, கடைசி இரண்டில் அதை மொழிபெயர்ப்புத் தாளாக்கலாம். அதில் சிறுகதைக்குப் பக்கத்தில் நீதிமன்ற உத்தரவு, வருவாய்த் துறைக் கடிதம், மருத்துவமனைக் குறிப்பு, வன உரிமைச் சட்டத்தின் கீழ் மலை மக்கள் கொடுக்கும் மனு ஆகியவற்றை வைக்கலாம். ஆண்டுக்கு ஐந்து மூலப் புத்தகங்களை முழுதாக வாசித்துத் தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதினால்தான் அகமதிப்பீட்டு மதிப்பெண் என்று வைக்கலாம். பிழையோடு எழுதினாலும் சொந்தமாக எழுதியதற்கே கூடுதல் மதிப்பெண். பணியிடங்களை நிரப்பாமல் இதில் எதுவும் நடக்காது, நாற்பது மாணவர் எழுதிய சொந்த ஆங்கிலத்தை வாரந்தோறும் திருத்த நிரந்தர ஆசிரியர் வேண்டும். சேர்க்கை நாளில், விண்ணப்பத்தோடு ஒரே ஒரு தாள் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்: தமிழ்வழி முன்னுரிமையில் எதை இழக்கிறீர்கள், தகுதித் தேர்வில் என்ன எழுத வேண்டியிருக்கும், சென்ற முறை எத்தனை இடம் வந்தது, விழுப்புரம் சட்டக் கல்லூரிக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. துறைத் தலைவர் மனம் வைத்தால் அடுத்த சேர்க்கைக்கே கொடுக்க முடியும்.